ரோஸ்கோ நிற்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டக் கூடத்தில் ரோஸ்கோவோடு ஒரு பாட்டுக்கு ஆடிய பெண்கள் இரண்டாவது பாட்டுக்கு இருந்ததில்லை. ஆள் தங்கமானவர். வாஷிங்டனில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. வம்பெல்லாம் காலில்தான். ஜோடியாகக் கைபிடித்து ஆடும் ஹேண்ட் டான்ஸில் பெண்ணைச் சுழற்றி அனுப்பிய கையோடு திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். ரோஸ்கோ அந்த இடத்தில் ஒரு தாளம் சும்மா நிற்பார். வேகமாகத் திரும்பி வருகிறவள் அவர் மார்பில் வந்து முட்டுவாள்.

“என்ன ரோஸ்கோ, ஸ்டாப் வந்துடுச்சா? யாராச்சும் ஏறணுமா?” என்பாள் வாராவாரம் ஆட வரும் மேவிஸ். கூடமே சிரிக்கும்.

“உனக்கென்ன தெரியும்? இது வடகிழக்குப் பேட்டை ஆட்டம். எங்க தெருவுல இப்படித்தான்.”

பால்டிமோர்க்காரர்கள் ஒரு விதமாக ஆடுவார்கள், சிகாகோக்காரர்கள் வேறு விதம். வாஷிங்டனுக்குள்ளேயே பேட்டைக்குப் பேட்டை கால் மாறும். அதனால் அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. சாட்சி சொல்ல அவர் தெருக்காரர்களும் அங்கே இல்லை.

மனைவி வெர்லீன் இறந்துபோய் மூன்று வருஷம். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வந்து, பொரித்த மீனும் ரொட்டியும் தின்று, ஒரு பாட்டுக்கு ஆடி, ஒரு முறை கேலிக்கு ஆளாகி வீட்டுக்குப் போவார். வீட்டில் அவரைத் தொட ஒரு கை கிடையாது. ஒருத்தியாவது இரண்டாவது பாட்டுக்கும் தன் கையைப் பிடித்திருக்க மாட்டாளா என்றுதான் தவறாமல் வந்தார்.

அந்த ஏப்ரலில் ஒடெல்லா வந்தாள். விசாரித்தால், அவர் வளர்ந்த தெருவுக்கு அடுத்த தெரு. ரோஸ்கோவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் காலை அறிந்த ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று ஆட அழைத்துப் போனார். முதல் சுழற்சியிலேயே அவளும் முட்டினாள்.

“ஏங்க நிக்கிறீங்க?”

“நம்ம பக்கத்து ஆட்டம்தானே?”

“யாரு சொன்னா? பதிமூணு வயசுலேர்ந்து அங்கதான் ஆடினேன். நம்மாளுங்க யாரும் நின்னதில்ல.” யோசித்தாள். “எங்க மாமா மட்டும் நிப்பாரு. அக்காவுக்கு இடுப்பு போனதுக்கப்புறம்.”

இருபது வருஷத்துக்கும் முந்திய ஒரு குளிர்காலத்தில் வெர்லீன் பனியில் வழுக்கி விழுந்தது அவருக்கு நினைவு வந்தது. இடது முட்டி. வலிக்கிறது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் மெதுவாகத் திரும்பி வருவதற்காகத் தானாக நின்று பழகிய காலுக்கு அவர்தான் பின்னால் ஒரு தெருவின் பெயரைக் கட்டினார். “ஆமா, இவங்க தெருவுல அப்படித்தான்” என்று அவளும் பக்கத்தில் நின்று எல்லாரிடமும் சொல்வாள்.

ஒடெல்லா கையை விடவில்லை. “நிக்காம ஆடுங்க பாப்போம்.”

ஆடினார். யாரும் முட்டவில்லை. இரண்டாவது பாட்டுக்கும் அவள் இருந்தாள். மூன்றாவதற்கு வேறொருத்தி ஓடிவந்தாள், நாலாவதற்கு மேவிஸே வந்து கையை நீட்டினாள். “இத்தனை நாள் இதை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே?”

ரோஸ்கோ சிரித்தார். வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் நின்ற கால் நாலே பாட்டில் நிற்க மறந்துவிட்டதே. மேவிஸைச் சுழற்றி அனுப்பினார். வேண்டுமென்றே நின்றார். அவள் வந்து முட்டினாள்.

“ஐயோ, நல்லாத்தானே ஆடிட்டிருந்தே? என்னாச்சு உனக்கு?”

“வெர்லீனுக்கு முட்டி வலி” என்றார் ரோஸ்கோ.