இலவசப் பயணத்துக்கு அபராதம்

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் டிக்கெட் உண்டு. கண்டக்டர் மெஷினைத் தட்டினால் பூஜ்யம் ரூபாய் என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்று கணக்குக் காட்ட அது அவர்களுக்கு வேண்டும். எனக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. அந்தச் சீட்டு கையில் இல்லாததற்குத்தான் நான் இருநூறு ரூபாய் அபராதம் கட்டினேன். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சாயங்காலம் காந்திபுரம் போக அதே பஸ், அதே கண்டக்டர். படியில் தொங்கும் காலேஜ் பையன்களைக்கூட "உள்ள வா கண்ணு" என்று கெஞ்சித்தான் கூப்பிடுவார். அன்றைக்கு என் நிறுத்தத்தில் நான் ஒருத்திதான் ஏறினேன். அவர் மெஷினைத் தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டார், மறுபடி வட்டம். தொடையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"செத்த பொறுங்க அம்மணி. காலைல இருந்தே மக்கர் பண்ணுது. டிப்போவுல சொன்னா, இதையே வெச்சு ஓட்டுங்கறாங்க."

"மெதுவாக் குடுங்க, நான் எங்க போயரப் போறேன்?" என்றேன்.

அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் ஏறிவிட்டது. இரண்டு பேர். மூத்தவர் நேராக என்னிடம் வந்து டிக்கெட் கேட்டார். மெஷின் கதையைச் சொன்னேன். கண்டக்டர் மெஷினையே நீட்டிக் காட்டினார். மூத்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இலவசம்னாலும் டிக்கெட் இல்லாம வரக்கூடாதுங்களே அம்மணி. கண்டக்டர் டிக்கெட் குடுக்கலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துப்போடுங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க. இல்லைன்னா அபராதம் கட்டோணும்."

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

கண்டக்டரின் முகம் வெளிறிவிட்டது. "சார், ஏற்கெனவே ஒரு மெமோ இருக்குதுங்க. இன்னொண்ணு வந்தா சஸ்பெண்ட் பண்ணிப்போடுவாங்க."

"மெஷின் ரிப்பேர்னா கை டிக்கெட் கிழிச்சிருக்கோணும்."

"கை டிக்கெட் கட்டுக் குடுக்கறதையே நிறுத்திப்போட்டாங்களே சார்."

மூத்தவர் அதைக் காதில் வாங்காமல் என் பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பழுதான மெஷினைக் கொடுத்தவனை விட்டுவிட்டு, அதோடு மாரடிக்கிறவனைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்? என் கையெழுத்தால் ஒரு குடும்பத்தின் சோறு போக வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

"எழுதித் தர மாட்டனுங்க. அபராதமே கட்டறேன்" என்று பையைத் திறந்தேன்.

"வேண்டாமுங்க அம்மணி, நீங்க கட்டாதீங்க" என்றார் கண்டக்டர்.

இங்கே இலையில் இன்னொரு கரண்டி வைத்தாலும் மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, "நீங்க சும்மா இருங்க" என்று அதட்டினேன். இன்னொரு முறையும் சொன்னார். மூத்தவர் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

பணத்தை வாங்கியதும் இளையவர் தோள்பையிலிருந்து ஒரு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். கார்பன் தாளைச் செருகி, பேனாவால் என் பெயரை நிதானமாக எழுதினார்.

"ஏனுங்க, அபராதத்துக்கு மட்டும் பேப்பரும் பேனாவும் இருக்குது, டிக்கெட்டுக்கு இல்லீங்களா? இதுக்கும் அந்த மெஷினையே தட்ட வேண்டியதுதானே?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர்கள் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள். ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் நான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த வாரம் பஸ்ஸில் வேறொரு கண்டக்டர் இருந்தார். பழையவர் லீவா என்று விசாரித்தேன்.

"சஸ்பெண்டுங்க."

"நாந்தான் எழுதியே குடுக்கலையே!"

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "அது நீங்கதானுங்களா? எழுதிக் குடுக்காட்டி என்னங்க? டிக்கெட் இல்லாம வந்தேன்னு அபராதம் கட்டிப்போட்டீங்க. அந்த ரசீதை வெச்சேதான் அவரு மேல கேஸ் எழுதுனாங்க. ரெண்டுமே முடியாதுன்னு நீங்க நின்னிருந்தா, அவங்க கையில ஒண்ணும் இருந்திருக்காதுங்க."

அந்த மனிதர் வேண்டாம் என்றது உபசாரத்துக்கு இல்லை. காரணத்தைச் செக்கிங்காரர்கள் முன்னால் சொல்ல முடியாமல், அந்த ஒரு சொல்லோடு நின்றிருக்கிறார். எனக்கு அந்த விதி தெரியாது. அவர்கள் இருவருக்கும் தெரியும். எழுதினாலும் அவர் மாட்டுவார், கட்டினாலும் மாட்டுவார் என்று நன்றாகத் தெரிந்துதான் இரண்டையும் என் முன்னால் வைத்தார்கள். என் காசையே வாங்கிக்கொண்டு, என்னையே அவருக்கு எதிர் சாட்சியாக்கிவிட்டார்கள், பாவிகள்.