தடைக்காலத்தில் எகிறிய மீன் கோடு

இன்று தூத்துக்குடியில், வெளிநாடு போகத் துடிக்கும் நர்ஸ்களுக்கான ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி வகுப்பு. விசைப்படகுகள் மாதாமாதம் பிடித்த மீனுக்கு சார் பலகையில் ஒரு வரைபடம் போட்டார். மே மாதத்தில் கோடு உச்சியில் நின்றது.

"முன்னுரை மட்டும் எழுதுங்க."

மனப்பாட வரியை இறக்கினேன்: 'கொடுக்கப்பட்ட வரைபடம் தெளிவாக விளக்குகிறது...' பத்துக்கு ஒன்பது.

பக்கத்தில் ஜெனிட்டா, விசைப்படகு டிரைவரின் மகள். 'இந்த வரைபடம் தவறு' என்று தொடங்கியிருந்தாள். பூஜ்யம்.

"மே மாசம் தடைக்காலம்லா சார்? எங்கப்பா ஓட்டுற போட்டு கரையிலதான கெடக்கும். மீனு நடந்தா வரும்?"

"எம்மா, ஒங்கிட்ட யாரு கருத்து கேட்டா? கேள்வியில உள்ளத வேற வார்த்தையில திருப்பி எழுது, போதும்."

ஆக, சார்ட்டில் நாடித்துடிப்பு இருந்தால், ஆள் செத்துக் கிடந்தாலும் 'நலம்' என்று எழுதும் நர்ஸ்தான் வெளிநாட்டுக்காரர்களுக்கு வேண்டும் போல.

நான் தயார். யாருக்காவது உடம்பு சரியில்லையா?