அதிகாரி வந்த அன்று பின்னறையில் இருந்தவர்

நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

1. தை மாதம் ஒரு திங்கட்கிழமை, ஓர் அக்கா கடைவாய்ப் பல் வலியோடு எங்கள் பல் மருத்துவமனைக்கு வந்தார். ஏரியில் கையால் இறால் பிடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர்.
2. மருத்துவர் அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்தார். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றையும் சேர்த்து எடுத்தார்.
3. ஒரு வாரம் கழித்து அந்த அக்கா திரும்பி வந்தார். முன்பற்களை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.
4. மாசியில், சிகிச்சையின் தரத்தை ஆய்வு செய்ய சுகாதாரத் துறை அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.
5. அவர் வந்தார். கேள்விகள் கேட்டார். நான் பதில் சொன்னேன்.
6. எங்களுக்கு நல்ல அறிக்கை கிடைத்தது.

ஐந்தாவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவற்றைச் சொல்லாமல் அது புரியாது.

மருத்துவமனை என்று சொன்னாலும் அது பழவேற்காட்டில் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த ஒரு வீடுதான். ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தியது. மருத்துவர் சென்னையிலிருந்து திங்களும் வியாழனும் வருவார். பல் சுத்தம் செய்வது, கருவிகளைக் கொதிக்கவைப்பது, நோயாளிகளுக்கு அட்டை எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. இரண்டு வருடம் பல் சுகாதாரப் படிப்பு முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மீஞ்சூரிலிருந்து பொன்னேரிக்கு ரயில், அங்கிருந்து பஸ். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்குச் செய்ய வேண்டியதைப் பட்டியல் போடுவேன். கிடைக்காவிட்டால் நின்றபடி மனதுக்குள் போடுவேன்.

அட்டையில் பெயர், வயது, ஊர், தொழில், முன்பு வந்த நோய்கள் என்று கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தையும் நான் காலியாக விட்டதில்லை. கல்லூரியில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். கடைக்காரர் வீட்டிலிருந்து வந்தால் தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று எழுதுவேன். வலைக்காரர் வீட்டுப் பெண்கள் என்றால் வீட்டு வேலை. இடுப்புவரை நனைந்து காய்ந்த புடவையோடு வருகிறவர்களுக்குக் கூலி. யாரையும் கேட்டதில்லை. பார்த்தேன், எழுதினேன். அந்த அக்காவின் அட்டையிலும் கூலி என்றே எழுதினேன்.

மருத்துவர் பொறுமையானவர், கையும் லேசு. அன்று அவர் அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆடும் பற்களை விரலால் தொட்டுக் காட்டி, இவை எப்படியும் விழப்போகிறவை, இன்னொரு முறை எதற்கு அலைய வேண்டும் என்றார். என்னிடம்தான் சொன்னார். அந்த அக்கா வாயில் பஞ்சோடு தலையசைத்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு வாரம் கழித்து வந்தபோது கையில் பறி இருந்தது. பனையோலையில் பின்னிய, வாய் குறுகலான கூடை. அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஏரியில் வரிசையாக இறங்கி, கழுத்தளவு தண்ணீர் வரும்படி உட்கார்ந்தபடியே நகர்வார்கள். இரண்டு கைகளும் அடியில் சேற்றைத் துழாவிக்கொண்டே போகும். விரலில் இறால் தட்டுப்பட்டதும் பிடித்துப் பறியில் போடுவார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். முன்பற்களால்தான். நடுவில் கவ்வினால்தான் பறி நேராக நிற்கும்.

அந்த அக்கா கயிற்றைப் பக்கத்துப் பல்லால் கடித்துக் காட்டினார். பறி ஒருக்களித்துக் கவிழ்ந்தது.

"பாத்தியா நர்சம்மா, குட்டிக்கரணம் போடுது" என்று சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டோம். பிறகுதான் அவர் வந்த காரணத்தைச் சொன்னார். வேறு பல் வைத்துக் கொடுப்பீர்களாமே, அதால் கயிற்றைக் கடிக்க முடியுமா என்று கேட்டார். மருத்துவர் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். செய்து தருகிறேன், சோறு தின்னலாம், முகத்துக்கும் நன்றாக இருக்கும், ஆனால் பாரம் இழுக்கத் தாங்குமா என்று தெரியவில்லை என்றார். அளவு எடுத்தார். சென்னையில் செய்துவர நாளாகும், ஒவ்வொரு வியாழனும் வந்து பார் என்று சொல்லி அனுப்பினோம்.

அவர் போன பிறகு மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே, "கேட்டிருந்தா எடுத்திருக்க மாட்டேன். கம்பி கட்டி ஆட்டத்த நிறுத்திப் பாத்திருக்கலாம். நாம கேக்கல" என்றார். நாம என்றது அவருடைய பெருந்தன்மை. கேட்கும் வேலை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஆய்வுக் கடிதம் வந்ததும் முப்பத்தொரு வரியில் ஒரு பட்டியல் போட்டேன். கொதிகலத்தின் அடியில் படிந்த உப்பைச் சுரண்டுவது, மருந்துகளின் காலாவதித் தேதி பார்ப்பது, ஊசிகளைத் தனி டப்பாவில் வைப்பது, குப்பை வாளிக்கு மூடி, மண்ணெண்ணெய் அடுப்பின் கரி துடைப்பது. எல்லாவற்றையும் செய்து ஒவ்வொன்றாக அடித்தேன். பட்டியலில் எழுதாமல் செய்தது ஒன்றுதான்.

அதிகாரி வரும் நாள் வியாழனாக அமைந்தது. முதலில் வந்தவர் வியாபாரக் குடும்பத்து அம்மா ஒருவர். போன மாதம் சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டவர். வாங்கம்மா, உட்காருங்க என்று மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டேன். அடுத்து வந்தவர் அந்த அக்கா. பல் செட் இன்னும் வந்திருக்கவில்லை.

"நீ பின்னால போய் உக்காரு. சார் வந்துட்டுப் போனப்புறம் பார்க்கலாம்" என்றேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர் ஒன்றும் கேட்காமல் அடுப்பும் வாளிகளும் இருந்த பின்னறைக்குப் போனார். நான் திரையை இழுத்துவிட்டேன்.

அதிகாரி மரியாதையான மனிதர். கருவிகள் எவ்வளவு நேரம் கொதிக்கின்றன என்று தன் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். வியாபாரக் குடும்பத்து அம்மாவிடம் சிகிச்சை எப்படி என்று கேட்டார். இந்தப் பெண்ணின் கை பட்டதே தெரியவில்லை என்று அவர் என்னைக் காட்டிப் புகழ்ந்தார். பிறகு அதிகாரி அட்டைப் பெட்டியிலிருந்து கைக்கு வந்த சிலவற்றை உருவினார். நான்காவதாக வந்தது அந்த அக்காவின் அட்டை.

"முன்பல் ரெண்டும் ஒரே நாள்ல எடுத்திருக்கீங்க. இந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

மருத்துவர் என்னைப் பார்த்தார். என்ன சொல்வதென்று என்னிடமே விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்காங்க சார். காயம் ஆறிடுச்சு. செட்டுக்கு அளவு எடுத்தாச்சு."

"எதாவது குறை சொன்னாங்களா?"

"இல்ல சார்."

தேர்வில் வாய்மொழிக் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல நிமிர்ந்து நின்று சொன்னேன். அதிகாரி அட்டைகளை அடுக்கி வைத்தார். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை, மற்ற இடங்களில் இதைக் காட்ட வேண்டும் என்றார். நன்றி சொன்னேன். அந்த நிமிடத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

அவர் ஜீப் கிளம்பிய பிறகு திரையை விலக்கினேன். அந்த அக்கா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். திரைக்கும் வாளிக்கும் நான்கடிகூட இருக்காது.

"திருட்டு எறாவ சாக்குக்கு அடில வெக்கிறாப்ல வெச்சிட்டியே நர்சம்மா" என்றார். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். பல் எடுத்ததிலிருந்து அப்படித்தான் சிரிக்கிறார்.

அவர் திட்டியிருந்தால் விளக்கம் சொல்லியிருப்பேன். என்னிடம் மூன்று காரணங்கள் தயாராக இருந்தன: அறிக்கை மோசமானால் ஸ்தாபனம் மருத்துவமனையை மூடிவிடும்; மூடினால் ஊருக்குத்தான் நஷ்டம்; செட் எப்படியும் வரப்போகிறது. அவர் திட்டவில்லை. கயிறு தேய்த்த உதட்டோரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"உன்னிய நான் போட்டுக் குடுத்திருக்க மாட்டேன். கவருமெண்டு ஆளாச்சே, பறிக்கு இன்னா வழின்னு அவரக் கேக்கலாம்னு இருந்தேன். அவ்ளோதான்."

அடுத்த வாரம் செட் வந்துவிடும் என்றேன்.

மூன்று வாரம் கழித்து வந்தது. பார்க்க அழகாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிய முதல் நாளே கயிற்றோடு கழன்று விழுந்துவிட்டது. சேற்றைத் துழாவி அவரே கண்டெடுத்தார். "எறா தேடுற கையி, எங்க போயிடும்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு பறியைத் துணியால் இடுப்பில் கட்டிக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு முறையும் கையைச் சேற்றிலிருந்து எடுத்து, பறியின் வாயைத் தேடிப் போட வேண்டியிருந்தது. அதற்குள் வரிசை முன்னால் போய்விடும். அவருக்குக் கிடைத்தது மற்றவர்கள் ஏற்கெனவே துழாவிவிட்ட இடம். அடுத்த பருவத்தில் அவர் வரிசையில் இல்லை.

அந்த அதிகாரிக்குக் கடிதம் எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். முதல் முறை என் காரணங்களையே எழுதிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்து நிறுத்தினேன். இரண்டாம் முறை முகவரி எழுதியதோடு சரி. மருத்துவரும் நானும் அந்த நாளைப் பற்றி ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. இப்போது வருகிறவர்களிடம் என்ன வேலை செய்கிறீர்கள், அதில் பல்லுக்கு என்ன வேலை என்று கேட்டு எழுதுகிறேன். வலை பின்னுகிறவர்கள் பல்லால் நூல் அறுப்பதாகச் சொல்கிறார்கள். இதைத் திருந்திவிட்டேன் என்று காட்டுவதற்காக எழுதவில்லை. முதலிலிருந்தே செய்திருக்க வேண்டிய வேலை.

அந்த அக்கா இப்போது இறால் ஏலம் விடும் இடத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் பிடித்ததைத் தரம் பிரிக்கிறார். பல் வலிக்கு எங்களிடம் வருவதில்லை, பொன்னேரிக்குப் போகிறார். ஆய்வு அறிக்கை மாற்றப்படவில்லை. அதில் எங்கள்மேல் குறை எதுவும் இல்லை.