சாரலுக்குள் என் பழைய டார்ச்

என் கொழுந்தனார் துபாயிலிருந்து, தலையில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று வாங்கி வந்திருந்தார். குற்றாலத்தில் அருவியை ஒட்டிய ஒரு குகையைப் பார்க்க, தென்காசியிலிருந்து குடும்பமாகப் போனோம். என் கையில் மஞ்சள் வெளிச்சம் தரும் பழைய டார்ச் இருந்தது.

"மதினி, கோழிக்கூட்டுக்கு அடிக்கிற லைட்ட எதுக்குத் தூக்கிட்டு வாரீய?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான் கேலி செய்வார். கூச்சத்தில் நான் பதில் பேசியதே இல்லை.

மற்றவர்கள் குகை வாசலிலேயே நின்றுகொள்ள, அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். உள்ளே சாரல் புகைபோல நிறைந்திருந்தது. நெற்றி விளக்கின் வெளிச்சம் அதில் பட்டு அவர் கண்ணிலேயே திரும்பி அடித்தது. எதிரே வெறும் வெள்ளையாகத் தெரிய, பாசியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் டார்ச்சை முழங்காலுக்குக் கீழே பிடித்திருந்தேன். அதனால் எனக்குப் பாறை தெளிவாகத் தெரிந்தது.

"மதினி, லைட்ட இங்கன காட்டுங்க. ஒண்ணுமே தெரியல." என்றார், உட்கார்ந்தபடியே.

நான் வெளிச்சத்தை என் காலடியிலிருந்து நகர்த்தவில்லை.

"கோழிக்கூட்டு லைட்டுதான தம்பி, அங்கன வரைக்கும் எட்டாது. நீங்க இங்கன வாங்க."

வாசலில் நின்றவர்கள் பார்க்க, தவழ்ந்து வந்தார்.

பாவம், நாலு எட்டு வைத்து உதவியிருக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். உதவியிருக்கலாம்தான். வீட்டில் கரண்ட் போய் அந்த டார்ச்சை எடுக்கும்போதெல்லாம், வருத்தம் வருகிறதா என்று பார்க்கிறேன். சிரிப்புதான் வருகிறது.