படம் வராமல் சத்தம் மட்டும்

அப்பாவை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. லாலாகுடா வீட்டு ஹாலில் அம்மாவும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்து, அவருடைய கடைசிக் காலையைப் பார்க்க முயன்றோம். படம் வரவில்லை. இந்த வகை வீடியோவை இயக்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து மறைந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. சத்தம் மட்டும் வந்தது. மின்விசிறி ஓடும் சத்தம், குக்கர் விசில், பிறகு அப்பா இருமும் சத்தம்.

அந்த இருமல் கேட்டதும் அம்மா ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, சத்தம் வருது. படம் ஏன் வரல?"

நான் வேலை பார்ப்பதே இதில்தான். வீட்டு டிவிகளில் வீடியோ ஓட்டும் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எந்த முறையில் சுருக்கினார்களோ அந்த முறை டிவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இப்படித்தான் ஆகும். 'ஒலி உண்டு, படம் இல்லை' என்று வாரத்துக்கு நாலு தடவையாவது அறிக்கையில் எழுதுகிறவள் நான்.

"பழைய டிவிம்மா. கேமரா புதுசு. ரெண்டுக்கும் ஒத்துப்போகல. நான் கொண்டாப்பூர் போய் மாத்திக் கொண்டாரேன்" என்றேன்.

கேமராவை வைக்கச் சொன்னவன் தம்பி. அவன் மஸ்கட்டில் இருக்கிறான். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால், விசிறியைக் குறைக்க வேண்டுமென்றால், ஈ உட்கார்ந்தால்கூட, இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டுவார். ஒரு நாளில் எத்தனை தடவை தட்டுவார் என்று கணக்கே கிடையாது. அம்மா எழுந்து எழுந்து போவாள். தம்பிக்கு அங்கிருந்தபடி அப்பாவைப் பார்க்க வேண்டும். அதற்காக அலமாரி மேல் ஒரு கேமரா. போனில் அப்போதைக்கு நடப்பது தெரியும். நடந்து முடிந்தது கேமராவுக்குள் இருக்கும் கார்டில் பதிவாகும்.

அப்பா இறந்த அன்று தம்பி வேலையில் இருந்தான், போனைப் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு வந்து திரும்பியவன், அந்தப் பதிவு தனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அம்மாவுக்கும் பார்க்க வேண்டும். "காப்பி சுட வைக்க உள்ள போனேன், வந்து பாத்தா போயிட்டாங்க" என்றுதான் வந்தவர்களிடமெல்லாம் அவள் சொல்லியிருந்தாள்.

கார்டில் இருந்ததை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்து வந்தேன். மறுநாள் மதியம் கொண்டாப்பூரில் என் ஃபிளாட்டில் லேப்டாப்பில் திறந்தேன். எதையும் மாற்றத் தேவையே இல்லாமல் ஓடியது.

ஜன்னலோரம் நாற்காலியில் அப்பா. கட்டிலில் அம்மா, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடிக்கிறாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கியிருக்கிறாள். ம், ம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பா தட்டுகிறார்.

"இருங்க, வாரேன்" என்கிறாள் அம்மா, திரும்பாமல்.

மறுபடி தட்டுகிறார், மூன்று தடவை, வேகமாக. அம்மா போனில் சொல்கிறாள்: "ஏட்டி, அப்பா தட்டுதாங்க. வச்சிட்டுப் பொறவு பேசவா?"

நான் நிறுத்தினேன். திரையின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். என் போனை எடுத்து அந்தத் தேதிக்குப் போய்ப் பார்த்தேன். அன்று காலை நான் அம்மாவோடு பேசியது எனக்கு ஞாபகம் இருந்தது. எந்த நேரத்தில் பேசினேன் என்பதைத்தான் அந்த மூன்று வாரமும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் மேனேஜர் என்னைக் கேவலமாகப் பேசிவிட்டான். அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்திருந்தேன். வச்சிட்டுப் பொறவு பேசவா என்று அவள் கேட்டபோது, "ரெண்டே நிமிஷம்மா, ப்ளீஸ், முடிச்சிடறேன்" என்று சொன்னது நான். என் பக்கம் பேசியது பதிவில் இல்லை. அம்மா சொன்னது மட்டும் இருந்தது.

"ம், சரி சொல்லு. அழாத."

அதற்குப் பிறகு அப்பாவின் இடது கை நாற்காலியை விட்டு மேலே எழுந்தது. அம்மாவின் முதுகைப் பார்த்து எழுந்த கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு மடியில் விழுந்தது, தலையும் சாய்ந்தது. அதன் பின் ஒன்பது நிமிடம் அம்மா துணி மடித்துக்கொண்டே என்னைத் தேற்றினாள். போனை வைத்துவிட்டு எழுந்தாள். "என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள். காப்பி சுட வைக்க அவள் உள்ளே போகவே இல்லை. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

தெரிந்த டாக்டர் ஒருவரிடம், யாருடைய கதையோ போல, அந்த ஒன்பது நிமிடத்தைப் பற்றிக் கேட்டேன். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன்: "ஃபைலே கெட்டுப்போச்சும்மா. எதுலயும் ஓடல."

"சத்தம் வந்துச்சே?"

"சத்தம் வரும். படம் வராது. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் மனம் உடையக் கூடாது என்றுதான் பொய் சொன்னதாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. தம்பிக்கும் அதையே சொல்லிவிட்டேன்.

அம்மா விடவில்லை. கார்டு அவளிடம்தான் இருந்தது, டிவியில் செருகும் ரீடரோடு. டிவியில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கார்டைக் காட்டியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு, "கன்வர்ட் கரே தோ சல்தா, அம்மா" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த தடவை நான் வீட்டுக்குப் போனதும் அம்மா அதைச் சொன்னாள்.

"மாத்திப் போட்டா ஓடுமாம். அஞ்சு நிமிஷ வேலையாம். உனக்குத் தெரியாதாக்கும்?"

நான் தோளில் இருந்த பையைக் கீழே வைத்தேன்.

"படம் இல்லாட்டி என்ன, சத்தத்த நான் முழுசாக் கேட்டுட்டேன். நாலு நாளாக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அவங்க தட்டுனதும் கேட்டுச்சு, நான் வாரேன்னதும் கேட்டுச்சு. பொறவு தட்டவே இல்ல. அப்ப என்ன செஞ்சாங்கன்னு எனக்குப் பாக்கணும்."

"நக்கோம்மா. பாக்க வேண்டாம்."

"நீ பாத்துட்டல்லா? அப்ப நானும் பாக்கணும்."

பையில் இருந்த லேப்டாப்பை எடுத்து, டிவிக்குப் புரியும் முறைக்கு மாற்றினேன். மெக்கானிக் சொன்ன ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பென்டிரைவை டிவியில் செருகினேன். இந்தத் தடவை படம் வந்தது.

அம்மா அழவில்லை. கை எழுந்து நின்ற இடம் வந்ததும் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றாள். கை விழுந்த பிறகும் அங்கேயே நின்று, தான் துணி மடிப்பதை ஒன்பது நிமிடமும் பார்த்தாள்.

"அந்தச் சட்டைய ரெண்டு தடவ மடிச்சிருக்கேன் பாரு" என்று மட்டும் சொன்னாள்.

"அம்மா, நான்தானே உன்னை வைக்க விடல" என்றேன்.

அவள் உள்ளே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள்.

"தம்பி கேட்டுக்கிட்டே இருக்கான். அவனுக்கும் அனுப்பிரு. சத்தத்த எடுத்துட்டு அனுப்பு."

ஏன் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம், அனுப்பவே வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சத்தத்தோடேயே அனுப்பியிருக்கலாம். அவள் சொன்னபடி செய்தேன். ஒலியை மட்டும் நீக்குவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எப்படியோ படம் வந்துவிட்டது, சத்தம்தான் வரவில்லை என்று தம்பிக்கு எழுதினேன்.

மறுநாள் தம்பி வீடியோ காலில் வந்தான். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா கையத் தூக்கறாங்கம்மா. நீ திரும்பிக்கூடப் பாக்கல. யார்கூட அவ்வளவு நேரம் பேசிட்டிருந்தே?"

"சபையில ஒரு அக்கா. ஜெபக் கூட்டத்தப் பத்தி."

"அதை அப்புறம் பேசக் கூடாதா? கைக்கும்மா, கைக்கு?" சின்ன வயதில் லாலாகுடா தெருவில் சண்டை போடும்போது 'ஏன்' என்பதற்கு நாங்கள் சொன்ன வார்த்தை அது. அழுதுகொண்டே அதைக் கேட்டான்.

"தப்புதான்யா" என்றாள் அம்மா.

அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டான். அம்மா போனைக் குப்புற வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போ" என்று என்னிடம் சொன்னாள். சாப்பிட்டேன்.

அதன் பிறகு தம்பி அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. வாரம் ஒரு தடவை எனக்குத்தான் பேசுகிறான். "அம்மா எப்படி இருக்காங்க" என்று முன்பு கேட்பான், இப்போது அதுவும் கேட்பதில்லை. அன்று போனில் இருந்தது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். அவன் தன் பிள்ளைகளின் ஸ்கூல் பற்றிச் சொல்கிறான். நான் ம் போட்டுக்கொண்டு கேட்கிறேன். அம்மா இப்போது என்னோடு கொண்டாப்பூரில் இருக்கிறாள். நான் போனில் பேசுவது தம்பியோடுதான் என்று தெரிந்தால், எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.