ஒன்றுகூடச் சாகாத ஜிலேபிக் குஞ்சுகள்

இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபதுகளில் எங்கள் ஊர்க் கண்மாயை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்தவர் என் தாய்மாமா. வைகை அணைப் பக்கம் ஒரு வியாபாரியிடம் ஜிலேபி மீன்குஞ்சு வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார். பெயரே ஜிலேபி; அது கெடுதல் செய்யும் என்று யாருக்குத் தோன்றும்?

அலுமினியப் பானையில் குஞ்சுகள். தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே வரவேண்டும், நிறுத்தினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். தேனியில் பஸ் மாறி ஊர் வந்து சேரும்வரை அலசினேன். தண்ணீர் தெறித்துக் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். விரல்கள் ஊறிச் சுருங்கிவிட்டன.

"ஒண்ணுகூடச் சாகலையே! கெட்டிக்காரன்டா மாப்ளே" என்று மாமா முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டே வருடத்தில் ஜிலேபி கண்டமேனிக்குப் பெருகியது. சேற்றைக் கிளறியது, மற்ற மீன்களின் முட்டையைத் தின்றது. போதாததற்கு மாமா தீனி என்று வண்டி வண்டியாகச் சாணியும் கோழி எருவும் கொட்டினார். தண்ணீர் பச்சை பிடித்து நாறியது. மாடுகூட வாய் வைக்கவில்லை.

"போதும் மாமா, கொட்டாதீக" என்றேன்.

"தின்னாத்தானடா பெருக்கும். ஒனக்கென்ன தெரியும்?" என்றார். கெட்டிக்காரன் என்ற அதே வாய்!

அந்தச் சமயம் போடியில் வாழ்க்கைப்பட்ட அக்கா மசக்கையோடு வந்தாள். கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. கண் குழிந்து கிடந்தாள்.

"ஏலே, நம்ம கண்மாய் அயிரையக் கொழம்பு வச்சா ரெண்டு வாய் எறங்கும்டா" என்றாள்.

இதென்ன பெரிய காரியம் என்று துண்டோடு இறங்கினேன். சின்ன வயதில் மடையோரம் துண்டை விரித்தால் விரல் நீள அயிரை மீன் துள்ளும். அன்று பொழுது சாயும்வரை துழாவியும் ஒன்றுகூட இல்லை. தூக்கிய போதெல்லாம் ஜிலேபி, ஜிலேபி, சனியன் பிடித்த ஜிலேபி! துண்டைக் கரையில் ஓங்கி அடித்துவிட்டு அழுதேன்.

வேறு வழியில்லாமல் அம்மா அதையே குழம்பு வைத்தாள். தட்டு பக்கத்தில் வந்ததும் அக்கா குமட்டிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து சுவரில் சாய்ந்து, "சாணி வீச்சம் அடிக்குதுடா. எந்தப் பாவி இந்த எழவ நம்ம கண்மாயில கொண்டாந்து விட்டான்?" என்றாள்.

மாமா காதில் விழாதவர்போல வெற்றிலை மடித்தார்.

"நாந்தேன்க்கா" என்றேன். "ஒண்ணுகூடச் சாகாமக் கொண்டாந்தேன்."