இரண்டு விரல் இடைவெளி

என் விரல்கள் ஒல்லி. சின்ன வயதில் அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து, "விரலா இது, கொத்தவரங்கா" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்த விரல்களால் ஓர் உயிருக்கு ஆபத்து வரும் என்று அப்போது யார் கண்டது?

தொண்ணூறுகளின் நடுவில் விலங்கியல் படிப்பை முடித்துவிட்டு, புனேயை ஒட்டிய தாபோடியில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் சும்மா இருந்தேன். அப்பாவுக்கு ராணுவப் பொறியியல் கல்லூரியில் குமாஸ்தா வேலை. அம்மா என் ஜாதகத்தைத் திருநெல்வேலி முழுக்கச் சுற்றில் விட்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் ஓநாய்களைக் கண்காணிக்கும் திட்டம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது.

புனேக்குத் தெற்கே சாஸ்வட் ஊரைத் தாண்டிப் போனால் மரமே இல்லாத புல் மேடுகள். அங்கே ஒரு காலத்தில் ஓநாய்கள் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தன. ஆடு மேய்ப்பவர்கள் குகை வாயில் புகை போட்டார்கள், செத்த ஆட்டில் விஷம் வைத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவை திரும்பி வர ஆரம்பித்தன. எத்தனை வந்திருக்கின்றன, எங்கே குட்டி போடுகின்றன, மழைக்குப் பிறகு எத்தனை குட்டி மிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. குகைக்குப் பக்கத்தில் யாராவது கிடை போட்டால் முன்கூட்டியே போய்ப் பேசி, அவர்களை வேறு மேட்டுக்கு நகர்த்துவதும் எங்கள் வேலைதான்.

திட்டத்தை நடத்திய சார் ஒரு மராட்டியர். மலை மாதிரி ஆள். பெண்களை வேலைக்கு எடுக்க அவருக்கு இஷ்டமில்லை; மூன்று முறை போய் நின்ற பிறகு எடுத்தார். "நீ ஒழுங்காகச் செய்தால் இன்னும் இரண்டு பெண்களை எடுப்பேன். நீ சொதப்பினால் எல்லாருக்கும் கதவு மூடிவிடும்" என்றார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கழுத்தில் கல்லைக் கட்டிவிட்டார் என்பது பிறகுதான் உறைத்தது.

வாரத்தில் ஐந்து நாள் கிராமத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் தங்குவேன். சனிக்கிழமை தாபோடிக்கு வந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. வெளியாட்களிடம் அம்மா என் வேலையை "லேப்" என்று சொல்லிவைத்தாள். எந்த லேப், என்ன லேப் என்று அவளுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

ஓநாயைப் பிடித்து, அதன் கழுத்தில் ரேடியோ வைத்த தோல் பட்டை ஒன்றை மாட்டி விட்டுவிடுவோம். பிறகு மீன்முள் மாதிரி ஓர் ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நின்றால், காதில் மாட்டிய கருவியில் டிக் டிக் என்று கேட்கும். அதை வைத்து அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஊர்ப் பெண்கள் என்னை டி.வி. ரிப்பேர்க்காரி என்றே நினைத்தார்கள். இரண்டு வீட்டில் கூரைமேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்பியும் கொடுத்தேன்.

மழை முடிந்த வாரத்தில் ஓர் இளம் பெண் ஓநாய் பொறியில் கால் வைத்தது. காலை உடைக்காத ரப்பர் வைத்த பொறி. சார் மயக்க ஊசி போட்டார். ஆனால் பொறியைத் திறக்கும்போது விசை தெறித்து அவர் கையைக் கிழித்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு என்னிடம், "பட்டையை நீயே மாட்டு. இரண்டு விரல் போகிற இடம் விடு" என்றார்.

அதுதான் வழக்கம். இறுக்கினால் கழுத்து நெரியும். தளர்த்தினால் முன்காலை உள்ளே விட்டுக்கொள்ளும். நான் பட்டைக்குள் இரண்டு விரல்களை விட்டேன், சரியாகப் போயின. திருகாணியை முடுக்கினேன். என் கைக்குக் கீழே அதன் கழுத்து சூடாகத் துடித்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் முடுக்கியதில்லை. நோட்டில் 'இரண்டு விரல் இடைவெளி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

குளிர் வந்தது. ஓநாய்க்கு ரோமம் அடர்ந்தது, உடம்பும் வளர்ந்தது. தொலைநோக்கியில் பார்க்கும்போதெல்லாம் பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. சாரிடம் சொன்னேன். "புதுச் செருப்புக் கடிக்கிற மாதிரி. பழகிவிடும்" என்றார். நானும் நம்பினேன்.

அதற்குள் எனக்கு வரன் அமைந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் புனே பக்கம் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை, அவர்களும் திருநெல்வேலிக்காரர்கள்தான். தை மாதம் கல்யாணம். அதோடு வேலையும் முடிந்துவிடும். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்தன்று அம்மா என் புடவையைச் சரிசெய்துகொண்டே காதில் சொன்னாள்: "அவுகட்ட லேபுல வேலைன்னு சொல்லிருக்கு. ஓநாய் கீநாய்னு வாயத் தொறந்துராத, கேட்டியா?"

மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரம் என் விரலில் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் தங்கை விரலுக்கு அளவெடுத்துச் செய்ததாம். கையைக் கீழே தொங்கவிட்டதும் நழுவித் தாம்பாளத்தில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மாமியாராக வரப்போகிறவர் என் கையைப் பிடித்துத் தன் விரலோடு சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு ரெண்டு விரல் சேந்தாத்தான் நமக்கு ஒரு விரல்" என்றார்.

எனக்குச் சட்டென்று பட்டை ஞாபகம் வந்தது. சாருடைய விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். அவர் சொன்ன இரண்டு விரல் அவருடைய இரண்டு விரல். நான் விட்டது அதில் பாதி. அதுவும் வளரும் வயசு ஓநாய்க்கு. அம்மா மோதிரத்தின் அடியில் மஞ்சள் நூலைச் சுற்றி என் விரலில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை சாரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். சொல்லவில்லை. செவ்வாய் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் இன்று சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கிவிடுவேன். சொன்னால், பெண்கள் இதற்கு லாயக்கில்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் அந்தக் கழுத்து இறுகிக்கொண்டே போகும். எங்கள் பட்டையாலேயே அது செத்தால், விஷம் வைப்பதை நிறுத்தச் சொல்லி எந்த மேய்ப்பரிடமும் எங்களால் பேச முடியாது. தையில் நான் போய்விடுவேன். அதன் பிறகு இந்த விஷயம் தெரிந்தவர் ஒருவரும் அந்த மேட்டில் இருக்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் வழியில்லாமல் மேட்டில் நின்றுகொண்டு டிக் டிக்கைக் கேட்டேன். முன்பு அந்தச் சத்தம் வந்தால் உயிரோடு இருக்கிறது என்று நிம்மதி வரும். இப்போது அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. காதிலிருந்து கழற்றினாலும் கேட்டது.

பதினோராம் நாள் ஒரு மேய்ப்பர் என்னை வழிமறித்தார். எங்களோடு எப்போதும் சண்டை போடுகிறவர். அவருடைய ஆடுகள் பல ஓநாய்க்குப் போயிருந்தன. முந்தின நாள் அந்தப் பெண் ஓநாய் அவர் ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கியதாம். ஆனால் விழுங்க முடியவில்லை. இருமி இருமிக் கறியைத் துப்பிவிட்டு, தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டதாம். நாய்கள் வந்து தின்றனவாம். மராத்தியில் நிதானமாகச் சொன்னார்: "ஆட்டைத் தூக்கினால் நான் கல்லால் அடிப்பேன். கழுத்தில் கட்டிப்போட்டுக் கொல்லமாட்டேன்."

எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. நேராகச் சாரின் அறைக்குப் போனேன். அவர் அவல் போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. மேசைமேல் இருந்த அவருடைய கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். "பட்டைக்குள்ளே விட்டது இந்த ரெண்டு விரல் சார்" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

"எத்தனை நாளாகத் தெரியும்?"

"பதினோரு நாள்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "அளவு சொன்னது நான். யார் விரல் என்று சொல்லாதது என் தப்பு" என்றார். "அந்தப் பதினோரு நாள் உன்னுடையது." எழுந்து, வனத்துறையிடம் அனுமதி கேட்க எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்.

அனுமதி கிடைத்தது. ஓநாய் கிடைக்கவில்லை. ஒரு முறை பொறியில் மாட்டியதால் எங்கள் வாசனை அதற்குத் தெரிந்துவிட்டது. ஐந்து நாள் காலையில் போய்ப் பார்த்தோம். பொறிக்கு நான்கு அடி தள்ளி வட்டமாகச் சுற்றிப் போன காலடிதான் இருந்தது. சண்டைக்கார மேய்ப்பரிடம் நானே போய்க் கெஞ்சினேன். எங்கள் வாசனை மறைய, அவர் தன் மந்தையை ஓநாய் வரும் பாதை முழுக்க நடத்திவிட்டார். ஆடு படுத்த சாக்குகளையும் கொடுத்தார். அவற்றின்மேல் முழங்கால் போட்டு, அவற்றையே கையில் சுற்றிக்கொண்டு பொறியைப் புதைத்தோம். புழுக்கை நாற்றம் என் தலைமுடியில் ஒரு வாரம் இருந்தது.

ஏழாம் நாள் விடிந்தபோது மாட்டியிருந்தது. ஊசி போட்டுப் படுக்கவைத்ததும் சார் கத்தரியை என்னிடம் நீட்டினார். திருகாணி துருவேறித் திரும்பவில்லை. தோலை வெட்டத்தான் வேண்டும். வெட்ட விரல் விடக்கூட இடமில்லை. ஒற்றை விரலை நுழைத்தேன், ஈரமாக இருந்தது. பட்டை கழன்றபோது அதன் அடியில் ரோமமே இல்லை. சுற்றிலும் சிவப்பாக, சீழ் பிடித்து, ஒரு வாய்க்கால் மாதிரி புண். அந்தப் பதினோரு நாளுக்கு முன்னால் இது எவ்வளவு ஆழம் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அழுதுகொண்டே கழுவினேன். யாரும் என்னைத் தேற்றவில்லை, அதுதான் நியாயம்.

புண்மேல் வேறு பட்டை கட்ட முடியாது. மயக்கம் தெளிந்து எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. பிறகு மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. பிழைத்ததா, செத்ததா என்று தெரிந்துகொள்ள இனி எங்களிடம் எதுவும் இல்லை. அதன் அலைவரிசையில் வெறும் இரைச்சல். தை பிறக்கும்வரை தினமும் அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு வந்தேன்.

கல்யாணமாகி ரஞ்சன்காவ் கம்பெனி குடியிருப்புக்குப் போனேன். கணவர் நல்ல மனுஷர், குறை சொல்ல முடியாது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் ஜன்னல். ஓநாய் என்ற சொல்லை நான் அந்த வீட்டில் சொன்னதே இல்லை. லேப் என்று அம்மா சொன்னதன் பலன், மாமியாருக்குச் சுகர் டெஸ்ட் எடுத்தால் ரிப்போர்ட் என் கைக்குத்தான் வரும். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொண்டுவருவார்கள். "நீ லேபுல இருந்தவதான, பாத்துச் சொல்லு." ஓரத்தில் அச்சடித்திருக்கும் சரியான அளவைப் பார்த்து, "நார்மல்தான் அத்தை" என்பேன். புருவத்தை நெரித்துக்கொண்டு சொல்லவும் பழகிவிட்டேன். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். இதை எங்கே ஆரம்பித்துச் சொல்வது? பிள்ளை பிறந்து உடம்பு வைத்தது. மோதிரத்திலிருந்த நூலை எடுத்தேன். அதன் பிறகு மோதிரம் கழறவில்லை.

மூன்றாம் வருஷம் ஒரு போஸ்ட்கார்டு வந்தது, மராத்தியில். எங்கள் வீட்டில் போஸ்ட்கார்டை முதலில் எடுப்பவர்தான் முதலில் படிப்பவர். நான் அடுப்படியில் இருந்தேன். கணவர் மேசையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

சார் எழுதியிருந்தார். புதிதாக இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். பட்டைக்கு இப்போதெல்லாம் விரல் அளவு இல்லை, ஒரே அளவில் செதுக்கிய மரக்கட்டைதான் அளவு. தெற்கு மேட்டில் ஒரு பெண் ஓநாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது. அதன் கழுத்தைச் சுற்றி ரோமம் வெள்ளையாக, வளையம் மாதிரி முளைத்திருக்கிறது. எத்தனை தூரத்திலிருந்தும் அடையாளம் தெரிகிறது. அதற்குப் பட்டை தேவையில்லை.

நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை பொங்கியது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. நான் போட்ட தழும்பு ஒரு மேட்டில் உயிரோடு திரிந்துகொண்டிருந்தது.

"லாண்ட்கான்னா ஓநாய்தான? ஒனக்கு எதுக்கு ஓநாயப் பத்தி எழுதுதாவ?" என்றார் கணவர்.

காலேஜ் சார், சும்மா எழுதுகிறார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அடுப்பை அணைத்தேன். அவருக்கு எதிரே உட்கார்ந்து, மேசைமேல் இருந்த அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன்.

"நான் எந்த லேபுலயும் வேலை பாக்கல. ஓநாய்க்குக் கழுத்துப் பட்ட கட்டுற வேலை பாத்தேன். அந்த ஓநாய்க்கு இந்த ரெண்டு விரலாலதான் அளவெடுத்தேன்."

என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எங்கம்மா சுகர் ரிப்போர்ட்டெல்லாம்?"

"ஓரத்துல நார்மல் எவ்வளவுன்னு போட்டிருக்கும். அதப் பாத்துத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா, தெரியவில்லை. "மூணு வருசமாவா?" என்றார் மெதுவாக.

"பொய் எங்கம்மா சொன்னது," என்றேன். "மூணு வருசம் என்னோடது."